சோப்பு மிலிட்டரி

“கடிகாரத்தக் கழட்டுங்க சார். அதுக்கு அடியிலதான் அம்புட்டும் இருக்கும்.”

கேட்டுக்கு வெளியே நிற்பவர் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவராக இருக்கட்டும், ஓட்டுக் கேட்டு வந்தவராக இருக்கட்டும், பாண்டிதுரை வரவேற்பது இப்படித்தான். கேட்டை ஒட்டித் தெருப்பக்கமாகவே ஒரு குழாய். அதன் கழுத்தில் வலைப்பையில் கட்டித் தொங்குகிற சோப்பு. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், மணிக்கட்டு என்று வரிசையாகக் கழுவ வேண்டும். வரிசை தப்பினால் அவர் கோபப்பட மாட்டார். பேசாமல் குழாயை மறுபடி திறந்துவிடுவார், அவ்வளவுதான். கழுவி முடித்ததும் இரண்டு கேள்விகள். சளி, தும்மல் உண்டா? வீட்டில் யாருக்காவது காய்ச்சல், அம்மை, வயிற்றுப்போக்கு உண்டா? உண்டு என்றால் கேட் திறக்காது. ஆனால் தெருவிலேயே நாற்காலி வரும், பின்னாலேயே டீயும் வரும். மரியாதையில் ஒரு குறையும் வைக்க மாட்டார்.

ராஜபாளையத்திலிருந்து சோழபுரம் போகிற ரோட்டை ஒட்டிய அந்தத் தெருவில் அவருக்கு ‘சோப்பு மிலிட்டரி’ என்று பெயர். அவர் முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள். பின்னால் சொல்வது அவருக்கும் தெரியும். “சொல்லிட்டுப் போறான். கையக் கழுவிட்டுச் சொன்னாச் சரி” என்பார்.

ராணுவத்தில் இருபத்தோரு வருடம். ஹவில்தாராக இருந்தபோது வந்துவிட்டார். இன்னும் கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் தோளில் நட்சத்திரம் ஏறியிருக்கும். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வங்கியின் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறார். வயது நாற்பத்தெட்டு. மீசைக்கு மட்டும் மை. காலை எட்டரை பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக் கிடைத்தால் உட்காருவார், பக்கத்தில் உட்காருகிறவர் இருமினால் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய்விடுவார். சாயந்தரம் திரும்பி வந்தால் வாசல் வழியாக நுழைவது கிடையாது. பின் சந்து வழியாகப் போய், கொல்லைப்புறத்துக் குளியலறையில் தலையோடு குளித்து, யூனிபாரத்தை வெந்நீர் வாளியில் அமுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பார். மழையானாலும் இதுதான், தீபாவளியானாலும் இதுதான்.

இவ்வளவும் ஒரு சின்ன உயிருக்காக. மகள் கார்த்திகாவுக்கு ஒன்பது வயது. பிறந்த பத்தாம் நாளே தொப்புள் புண்ணானது. நாலாம் மாதம் காதுக்குப் பின்னால் கட்டி, ஏழாம் மாதம் நுரையீரலில் சளி. ஒவ்வொரு முறையும் ஒரு ஆஸ்பத்திரி, ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஒரு பெயர். அவளுக்கு ஒரு வயது நடக்கும்போதுதான் மதுரையில் எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்து விஷயத்தைச் சொன்னார்கள். ரத்தத்தில் வெள்ளணு என்று இருக்கிறதல்லவா, அதில் நியூட்ரோபில் என்று ஒரு வகை. கிருமி உள்ளே வந்தால் முதலில் ஓடிப் போய் விழுங்குவது அதுதான். இந்தக் குழந்தையின் உடம்பில் அது முழுசாக வளர்ந்து வெளியே வருவதே இல்லை. பிறவியிலேயே அப்படி. மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் காய்ச்சலோடு போகிற சமாச்சாரம் இவளை ஒரே ராத்திரியில் கொண்டுபோய்விடும்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கிக்கொண்டே வந்தவர், தகப்பன் பட்டாளத்துக்காரர் என்று தெரிந்ததும், எல்லையில் ஆள் இல்லாத காவல் சாவடி மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். பாண்டிதுரைக்கு அதற்கு மேல் யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. லீவு முடிந்து போனவர் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். ஆள் இல்லாத சாவடியில் ஆளாகத் தான் நிற்பது என்று முடிவு.

அன்றிலிருந்து தினமும் ஒரு ஊசி. எலும்புக்குள் தூங்குகிற வெள்ளணுவைத் தட்டி எழுப்புகிற மருந்து. பிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். கரண்ட் போனால் தெர்மகோல் பெட்டியும் ஐஸும் தயார். வலது தொடை, இடது தொடை, வயிற்றில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று முறை வைத்து அவரேதான் போடுகிறார். ஆரம்பத்தில் கை நடுங்கியதாம். துப்பாக்கி பிடித்த கை, நூல் கனத்துக்கு ஒரு ஊசியைப் பிடிக்க நடுங்கிய கதையை மனைவி மாரீஸ்வரி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இப்போது சிரிக்கலாம்.

மாரீஸ்வரி வீட்டிலேயே மிஷின் போட்டு, தளவாய்புரத்துக் கடைகளுக்கு நைட்டி தைத்துக் கொடுப்பவள். வாய் கொஞ்சம் நீளம். பாண்டிதுரையின் கழுத்தில் எப்போதும் ஒரு கறுப்புக் கயிறு தொங்கும். பட்டாளத்தில் விசில் மாட்டியிருந்த கயிறு. விசில் இருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் உறைக்குள் தெர்மாமீட்டர். வங்கியிலும் அது கழுத்தில்தான், துப்பாக்கிப் பட்டைக்கு அடியில். அதை வேறு யாரும் தொடக்கூடாது. “எங்க கல்யாணத்துல தாலி எனக்கு மட்டுந்தான் கட்டுனாக. அவிய பொறவு தனியாக் கட்டிக்கிட்டாக” என்பாள் மாரீஸ்வரி.

நூறு புள்ளி நாலு. இதுதான் அந்த வீட்டின் லட்சுமண ரேகை. தெர்மாமீட்டர் அதைத் தொட்டால் யோசனை கிடையாது, நெற்றியில் ஈரத்துணி கிடையாது, காய்ச்சல் மாத்திரை கண்டிப்பாகக் கிடையாது. கதவோரம் கட்டித் தயாராக இருக்கும் பையை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். இந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வரிசையில் உட்கார வைக்காதீர்கள், உடனே ரத்தம் எடுத்துவிட்டு மருந்தை ஏற்றுங்கள் என்று மதுரை டாக்டரம்மா எழுதிக் கொடுத்த காகிதத்தை நாலு பிரதி எடுத்து லாமினேட் செய்து வைத்திருக்கிறார். ஒன்று பையில், ஒன்று பள்ளிக்கூடத்தில், ஒன்று பிரிட்ஜ் கதவில். நாலாவது அவர் சட்டைப்பையில்.

மற்றபடி அவள் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான். பள்ளிக்கூடம் போகிறாள். தோலுரித்துத் தின்கிற பழம் எது வேண்டுமானாலும் தின்பாள், பச்சையாக நறுக்கிய வெள்ளரிக்காய் மட்டும் ஆகாது. பூந்தொட்டி மண்ணைக் கிளறக்கூடாது. பல் விளக்க மெத்தென்ற பிரஷ், இரண்டு வேளையும் உப்புத் தண்ணீர் கொப்பளிப்பு. பால்கோவா உண்டா என்றால் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே ஒரு கடை, அதுவும் நாலு மணிக்கு அடுப்பிலிருந்து இறக்குகிற சூட்டில். பாண்டிதுரை வீட்டிலிருந்து கொதிநீரில் கழுவிக் கொண்டுபோன தூக்குச்சட்டியை நீட்டுவார். மிலிட்டரிக்கு மட்டும் தனிச் சமையல் என்று கடைக்காரர் முனகிக்கொண்டே வழித்துப் போடுவார்.

கொரோனாக் காலத்தை அவர் ஒரு மாதிரிப் புன்னகையோடுதான் நினைத்துக்கொள்வார். ஊரே கேட்டுக்கு வெளியே வாளியும் சோப்புமாக நின்ற காலம். அதுவரை அவரைக் கேலி செய்தவர்கள் விரலிடுக்கை எப்படிக் கழுவுவது என்று வந்து கேட்டார்கள். “அந்த ரெண்டு வருசந்தான் ஊரு நம்ம வீடு மாதிரி இருந்துச்சு. பொறவு பழைய குருடி” என்று பாதியில் நிறுத்திவிடுவார்.

சோழபுரத்துத் தங்கப்பாண்டியன் விஷயத்துக்கு வருவோம். மாரீஸ்வரியின் அண்ணன். விவசாயி, ஆறடி உயரம், குரல் அதைவிடப் பெரிது. மருமகள் பிறந்த அன்றே தோடு வாங்கிவிட்டவர். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது அவருக்கு வெறும் சடங்கு இல்லை, பிறப்புரிமை. கருப்பசாமி கோயிலில் கிடா வெட்டி, பந்தி போட்டு, ஆசாரியைக் கூப்பிட்டுக் குத்துவதாக இருந்தது. மொட்டையையே பாண்டிதுரை கோயிலுக்கு விடவில்லை. வீட்டில் முடிவெட்டும் மிஷினை ஸ்பிரிட்டால் துடைத்து அவரே மழித்து, முடியை ஒரு கவரில் போட்டு அனுப்பி வைத்தார். கருப்பசாமி ஒன்றும் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள்தான் நாலு வருடம் சொன்னார்கள்.

காது குத்து ஐந்து தடவை நாள் குறித்து ஐந்து தடவையும் நின்றது. ஒரு முறை காய்ச்சல், ஒரு முறை வெள்ளணு எண்ணிக்கை குறைந்துவிட்டது, ஒரு முறை ஊரில் அம்மை. நாலாவது முறை நடந்தது கொஞ்சம் ரசாபாசம். முதல் நாளே சோழபுரம் போயிருந்தபோது பிள்ளைக்கு உடம்பு சுட்டது. விசேஷம் நின்றுவிடுமே என்று தங்கப்பாண்டியன் யாருக்கும் தெரியாமல் காய்ச்சல் மருந்தை ஒரு மூடி ஊற்றிக் கொடுத்துவிட்டார். சூடு இறங்கியது, தெர்மாமீட்டரும் ஏமாந்தது. மறுநாள் விடியும்போது பிள்ளை குளிரில் வெடவெடவென்று ஆடியது. பதினொரு நாள் மதுரை. அவளைத் திருப்பிக் கொண்டுவந்த பிறகு பாண்டிதுரை மைத்துனரோடு நாலு மாதம் பேசவில்லை. தங்கப்பாண்டியன் ஒரு நாள் தானாக வந்து, கேட்டுக்கு வெளியே நின்று, கேட்காமலே கடிகாரத்தைக் கழற்றிக் கை கழுவினார். முழங்கை வரை. கேட் திறந்தது. ஐந்தாவது தடவை நாள் குறித்தபோது சளி என்று தானே போன் செய்து நிறுத்தியவரும் அவர்தான்.

இப்போது சொல்லப்போவது ஆறாவது தடவை.

மருந்தின் அளவைக் கூட்டிய பிறகு ஒரு வருடமாக எண்ணிக்கை நன்றாக நின்றது. குத்தலாம், ஆனால் மரத்தடியில் இல்லை என்றார் மதுரை டாக்டரம்மா. ஸ்ரீவில்லிபுத்தூரில் குழந்தை டாக்டர் கிளாட்வின் ஆஸ்பத்திரியில், மற்ற நோயாளிகள் வருவதற்கு முன்னால் காலை ஏழரைக்கு, சுத்தம் செய்த ஊசியால் நர்ஸ் குத்துவது என்று ஏற்பாடு. தங்கப்பாண்டியன் பஞ்சாங்கத்தைப் புரட்டி அந்த நேரத்துக்கே ஒரு முகூர்த்தத்தையும் கண்டுபிடித்துவிட்டார். தோட்டைக் கொதிக்க வைத்துக் கொடுத்தாகிவிட்டது. அவருடைய ஒரே நிபந்தனை மடி. மடிக்குப் பாண்டிதுரையின் நிபந்தனைகள் ஒன்பது. இரண்டு நாள் மாட்டுத் தொழுவத்துப் பக்கம் போகக்கூடாது என்பதில் ஆரம்பித்து நகத்தில் முடியும். “கல்யாணத்துக்குக்கூட இம்புட்டுக் குளிக்கல மாப்ள” என்று முந்தின நாள் சாயந்தரம் ஈரத்தலையோடு நின்றார் அந்த ஆறடி மனிதர்.

அந்த வீட்டில் தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு பரேடு உண்டு. கார்த்திகாவுக்குப் பேச்சு வந்த காலத்தில் விளையாட்டாக ஆரம்பித்தது. வராந்தாவில் அவள் நிமிர்ந்து நிற்க வேண்டும். ரிப்போர்ட் என்பார் அப்பா. “சப் டீக் ஹை, சாப்!” என்று சல்யூட் வைப்பாள். எல்லாம் சரி ஐயா என்று அர்த்தம். மழலையில் அதைச் சொல்லிக் கேட்கத் தெருவே வந்து நின்றது உண்டு. அதன்பின் தெர்மாமீட்டர், ஊசி, கடைசியாக டார்ச் அடித்து வாய். விசேஷ நாளன்றும் பரேடு நடந்தது. சப் டீக் ஹை சாப். தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்று. அது சகஜம்தான். ஊசியும் போட்டாயிற்று. டார்ச்சை எடுக்கப் போனபோது மைத்துனர் நகவெட்டி கேட்டுக் கூப்பிட்டார். பாண்டிதுரை திரும்பினார். ஏழெட்டு வருடத்தில் டார்ச் இல்லாத முதல் பரேடு அது.

காலையில் இட்லியும் வெங்காயச் சட்னியும். சட்னிக்காகவே இட்லி தின்கிற பிள்ளை, அன்று சீனி தொட்டுத் தின்றது. பட்டுப்பாவாடையில் கறை படுமே என்று பார்க்கிறாள் என்று மாரீஸ்வரி நினைத்துக்கொண்டாள். பாண்டிதுரையும் பார்த்தார். கண்ணில் பட்டது, கருத்தில் படவில்லை.

ஆஸ்பத்திரியில் புது வேட்டி கசங்காமல் தங்கப்பாண்டியன் நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் மருமகள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம். நர்ஸ் இருதயமேரி இரண்டு காதிலும் பேனாவால் புள்ளி வைத்து, அளவு சரியா என்று தள்ளி நின்று பார்த்தார். அழாமல் இருப்பதற்காக மாமன் ஒரு கடலை மிட்டாயை உறை பிரித்துக் கொடுத்தார். கார்த்திகா வாயில் போட்டாள். கடிக்கவில்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். கண் இரண்டும் நிறைந்து வழிந்தது.

ஊசி இன்னும் தட்டில்தான் இருந்தது.

“நிறுத்துங்க சிஸ்டர்” என்றார் பாண்டிதுரை.

மகள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். வாயைத் திறக்கச் சொன்னார். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். மாரீஸ்வரி கெஞ்சினாள், மாமன் கெஞ்சினார். திறக்கவில்லை. பாண்டிதுரை மிட்டாயைத் துப்பச் சொல்லி உள்ளங்கையை நீட்டினார். அவள் துப்பினாள்.

“சொன்னா காது குத்த மாட்டீங்கல்லா” என்றாள்.

மூன்று நாளாக வலியாம். கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில் ஈறு சிவந்து தடித்திருந்தது, உள்கன்னத்தில் வெள்ளையாக இரண்டு புண். முந்தின நாட்களில் டார்ச் அடித்தபோதெல்லாம் கன்னத்தை ஒரு பக்கமாக இழுத்துக் காட்டித் தப்பித்திருக்கிறாள். சீழ் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சீழ் பிடிக்காது. சீழாக வேண்டிய அணுவே இல்லையே. அதனால்தான் பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றும் இல்லாதது போல இருக்கும். பாண்டிதுரை கழுத்துக் கயிற்றிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தார். நூற்றொன்று புள்ளி இரண்டு.

கிளாட்வின் ஓடி வந்தார். பார்த்தார். மதுரைக்குப் போன் போட்டபடியே ரத்தம் எடுக்கச் சொன்னார், மருந்தைக் கலக்கச் சொன்னார். “வேற நாளா இருந்தா நீங்க இப்பத்தான் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு இருப்பீங்க. நல்ல வேளை, இங்கயே இருக்கீங்க” என்றார்.

கையில் நரம்பு பிடிக்க வந்ததும் கார்த்திகா கையை இழுத்துக்கொண்டு கதறினாள். கட்டிலில் படுக்க மாட்டேன் என்றாள். இந்த அமளியில் ஒருவர் மட்டும் இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தங்கப்பாண்டியன் புது வேட்டியும் தாம்பாளமுமாக அதே நாற்காலியில் உட்கார்ந்து, மருமகளைச் சேர்த்து அணைத்தபடி அவள் கையை நர்ஸ் பக்கம் நீட்டினார்.

“எங்க குத்துனா என்ன சிஸ்டர். மடி என் மடிதான். குத்துங்க.”

குத்தினார்கள். மாமன் மடியில், முகூர்த்தத்துக்குள்ளேயே. அவளுக்கு வலித்ததோ இல்லையோ, அந்த ஆறடி மனிதரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

மூன்று நாள். சூடு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் இறங்காவிட்டால் மதுரைக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. பாண்டிதுரைக்கு மகள் மேல் கோபம், மைத்துனர் மேல் கோபம், நகவெட்டி மேல் கூடக் கோபம். இத்தனை செய்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று இரண்டாம் நாள் வராந்தாவில் மனைவியிடம் பொருமினார். மாரீஸ்வரி நைட்டிக்குப் பட்டன் தைத்துக்கொண்டே நிமிராமல் சொன்னாள்.

“அவளக் கேக்காதீங்க. தெனம் காலைல சொல்ற அந்தப் பதிலச் சொல்லிக் குடுத்தது யாரு?”

அவருக்குச் சுருக்கென்றது. பனிமலையில் ஒரு முறை நாலு நாள் காய்ச்சலோடு அவர் வரிசையில் நின்றிருக்கிறார். உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னால் லீவு போய்விடும். ஊரில் தங்கை கல்யாணம். அதிகாரி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தபோது இவரும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன பதில் அதேதான், சப் டீக் ஹை சாப். லீவுக்காக ஏங்குகிற எவனும் வேறு பதில் சொன்னதாக அவருக்கு நினைவில்லை. பொய் சொல்வதற்கென்றே இருக்கிற ஒரு வாக்கியத்தைப் பிள்ளைக்கு ஏழெட்டு வருடமாகப் பழக்கி வைத்திருக்கிறோமே என்று அவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். அன்று சாயந்தரத்துக்குள் சூடு நூற்றுக்குக் கீழே வந்திருந்தது, மதுரை தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு காட்டியது. அவர் நம்பவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அதே. கிளாட்வினின் தெர்மாமீட்டரை வாங்கி வைத்தார். அதுவும் அதே. கார்த்திகா காரமாக ஏதாவது வேண்டும் என்று கேட்டாள். மாமன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அப்பாடா என்று மாரீஸ்வரி தரையிலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். பாண்டிதுரை வெளியே போய், ஆஸ்பத்திரிக் குழாயைத் திறந்து, முகத்தைக் கழுவினார். கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். முகம் கழுவ இவ்வளவு நேரமா என்று இருதயமேரி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் அவர் ஒரு காரியம் செய்தார். டாக்டரின் மேஜைக் காலண்டரைக் கேட்டு வாங்கி, மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, காது குத்துக்கு அடுத்த தேதியை அவளையே வட்டம் போடச் சொன்னார். “வலிக்குன்னு சொன்னா எதுவும் நிக்காது தாயி. செத்தத் தள்ளிப்போகும், அம்புட்டுத்தான். தள்ளிப்போன அன்னைக்கே அடுத்த நாளக் குறிச்சிருவோம். இது அப்பா வாக்கு” என்றார். தங்கப்பாண்டியனும் தோடு எங்கேயும் ஓடிவிடாது என்று தன் பெரிய குரலில் உறுதி சொன்னார்.

வாக்குத் தவறவில்லை. கார்த்திகை மாதம் அதே நாற்காலி, அதே மடி, இருதயமேரி அதே இடத்தில் மறுபடி வைத்த புள்ளிகள். இந்த முறை கடலை மிட்டாயைக் கடக்முடக்கென்று கடித்துத் தின்றுகொண்டே குத்திக்கொண்டாள். அதற்கும் தங்கப்பாண்டியன் அழுதார்.

காலைப் பரேடும் மாறிவிட்டது. சல்யூட் இல்லை. எங்கே வலிக்கிறது என்று கேள்வி. எங்கும் இல்லை என்ற பதில் ஏற்கப்படாது, தலை முதல் கால் வரை யோசித்துச் சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் கூச்சம் போவதற்காகப் பாண்டிதுரை முதலில் தன் ரிப்போர்ட்டைச் சொல்வார். வலது முட்டியில் வலி, மூன்று வருடமாக. இடது பக்கம் ஒரு பல் கூசுகிறது. இதெல்லாம் மாரீஸ்வரிக்கே அப்போதுதான் தெரிந்தது. அதற்கு அவள் தனியாக ஒரு பரேடு நடத்தினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சோழபுரத்தில் மாமன் வீட்டுக் கிரகப்பிரவேசம். ஒன்பது வயதில் அவள் கூட்டத்துக்குள் போகப்போகிற முதல் விசேஷம். டாக்டரம்மாவிடம் கேட்டாகிவிட்டது, முகமூடியோடு ஒரு மணி நேரம் என்று உத்தரவு. பச்சைப் பட்டுப்பாவாடை, தலை நிறையப் பூ, காதில் மாமன் தோடு. பரேடு முடிந்து, டார்ச்சும் முடிந்து, ஆட்டோ வந்து வாசலில் நின்றுவிட்டது. பாண்டிதுரை கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

“அப்பா” என்றாள் கார்த்திகா. “இடது தோட்டுக்குப் பின்னாடி உறுத்துது. இப்பத்தான். காலைல இல்ல.”

சொல்லிவிட்டு ஆட்டோவை ஒரு முறை பார்த்தாள். பாவாடையைப் பார்த்துக்கொண்டாள். சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்கவில்லை.

பாண்டிதுரை சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு வாசல் குழாயில் முழங்கை வரை கை கழுவி வந்தார். தோட்டைச் சுற்றிப் பார்த்தார். பூச்சரத்தின் நார் ஒன்று திருகாணியில் சிக்கி இழுத்துக்கொண்டிருந்தது. லேசான சிவப்பு, வீக்கம் இல்லை. தெர்மாமீட்டர் வைத்தார். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. போட்டோ எடுத்து கிளாட்வினுக்கு அனுப்பிவிட்டு அங்கேயே நின்றார். ஆட்டோக்காரர் வண்டியை அணைத்தார். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. நாரை எடுத்துவிட்டு சலைனால் துடையுங்கள், போய் வரட்டும், நாளைக்குக் காட்டுங்கள்.

அவர் துடைத்தார். தெர்மாமீட்டரை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து உறைக்குள் போட்டார். பிறகு கழுத்திலிருந்த கறுப்புக் கயிற்றைக் கழற்றி, இரண்டு கையாலும் நன்றாக அகலப் பிடித்து, தோட்டில் உரசாமல், பூவில் சிக்காமல், மகளின் தலை வழியாக மெதுவாக இறக்கி அவள் கழுத்தில் மாட்டினார்.